"அமைதியான பொண்ணு" - ஆட்டிசம் வரலாற்றில் விடுபட்ட பெண் குழந்தைகள்

பி.காம் சேர்ந்தவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித் தரும் பாடம் ஒன்று இருக்கிறது. இருப்பாய்வில் பற்று, வரவு இரண்டு பக்கமும் சமமாக வந்துவிட்டால் கணக்கு சரி என்று நிம்மதியாக இருந்துவிடாதே என்பதுதான் அது. ஒரு நடவடிக்கையைக் குறிப்பேட்டில் எழுதவே மறந்துவிட்டால், அது பேரேட்டுக்கும் போகாது, இருப்பாய்வுக்கும் வராது. இரண்டு பக்கமும் அழகாக டேலி ஆகும். பிழை மட்டும் யாருக்கும் தெரியாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும். இதற்கு விடுபிழை என்று பெயர். மற்ற பிழைகளைவிட இதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

ஆட்டிசத்தின் வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு இந்தப் பாடம்தான் ஞாபகத்துக்கு வந்தது. நாலு பையன்களுக்கு ஒரு பெண் என்ற விகிதத்தில்தான் ஆட்டிசம் இருக்கும் என்று பல பத்தாண்டுகளாகப் பாடப்புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார்கள். மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளை எண்ணிப் பார்த்தால் அப்படித்தான் வந்தது. கணக்கு டேலி ஆனது. ஆனால் மருத்துவமனைக்கே வராத பெண் குழந்தைகளை யார் எண்ணினார்கள்?

முதலில் ஆட்டிசம் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. வளர்ப்பு சரியில்லாததால் வருவதும் இல்லை. தடுப்பூசியால் வருவதும் இல்லை. மூளை வளரும் விதத்திலேயே பிறவியில் இருந்து இருக்கும் ஒரு வித்தியாசம். மற்றவர்களோடு பழகுவதிலும் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் அர்த்தத்தைப் பிடிப்பதிலும் சிரமம் இருக்கும். ஒரே மாதிரியான பழக்கங்களிலும் குறிப்பிட்ட சில விஷயங்களிலும் ஆழ்ந்த பிடிப்பு இருக்கும். சத்தம், வெளிச்சம், வாசனை, தொடுதல் ஆகியவற்றை உடம்பு அதிகமாகவோ குறைவாகவோ உணரும். சிலர் பேசவே மாட்டார்கள். சிலர் நம்மைவிட நன்றாகப் பேசுவார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காது என்பதால்தான் இதை ஒரு நிறமாலை என்று சொல்கிறார்கள். தமிழில் மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். நான் எல்லோருக்கும் தெரிந்த ஆட்டிசம் என்ற சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

1927-லேயே எழுதி வைத்த ஒரு டாக்டர்

ஆட்டிசம் என்ற சொல்லை உருவாக்கியவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் யூஜென் ப்ளூலர். 1911 வாக்கில் அவர் அதை மனச்சிதைவு நோயாளிகள் தங்களுக்குள்ளேயே ஒடுங்கிப்போவதைக் குறிக்கத்தான் பயன்படுத்தினார். கிரேக்க மொழியில் ஆட்டோஸ் என்றால் 'தான்'. குழந்தைகளிடம் காணப்படும் தனி நிலையாக ஆட்டிசத்தை முதலில் சொன்னவர் யார் என்று கேட்டால், பெரும்பாலான புத்தகங்கள் இரண்டு ஆண்களின் பெயரைச் சொல்லும். லியோ கானர், ஹான்ஸ் ஆஸ்பெர்கர்.

இவர்கள் இரண்டு பேருக்கும் முன்னால் ஒரு பெண் இருந்தார். பெயர் க்ருன்யா சுகரேவா. 1891-ல் கீவ் நகரில் பிறந்தவர். மாஸ்கோவில் குழந்தைகள் மனநல மருத்துவராக வேலை பார்த்தார். 1925-ல் ரஷ்ய மொழியிலும் 1926-ல் ஜெர்மன் மொழியிலும் ஆறு பையன்களைப் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். இன்றைக்கு அதைப் படிக்கும் மருத்துவர்கள், ஆட்டிசத்தின் அடையாளங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன என்று ஆச்சரியப்படுகிறார்கள்.

அவர் அதோடு நிற்கவில்லை. 1927-ல் பெண் குழந்தைகளைப் பற்றித் தனியாக இன்னொரு கட்டுரை எழுதினார். ஐந்து பெண்கள். பையன்களோடு ஒப்பிட்டு எது ஒன்றாக இருக்கிறது, எது வேறுபடுகிறது என்று பார்த்தார். அதாவது "பெண்களிடம் இது வேறு மாதிரித் தெரியலாம்" என்ற கேள்வி கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்பே கேட்கப்பட்டுவிட்டது.

அப்புறம் என்ன ஆனது தெரியுமா? பையன்களைப் பற்றிய கட்டுரையை எடின்பரோவைச் சேர்ந்த சூலா வோல்ஃப் 1996-ல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதுவே எழுபது வருஷம் தாமதம். பெண்களைப் பற்றிய கட்டுரை ஆங்கிலத்தில் வர இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. 2020 வாக்கில்தான் வந்தது. எழுதியவர் ஒருவரே, பத்திரிகையும் மொழியும்கூடப் புதியவை இல்லை. பையன்கள் முதலில், பெண்கள் பிறகு. இந்த வரலாறு முழுவதும் இப்படித்தான் போகிறது.

பால்டிமோரில் மூன்று பெண்கள்

1943-ல் அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வேலை பார்த்த லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். எட்டு பையன்கள், மூன்று பெண்கள். ஆட்டிசம் என்ற பெயரை உலகம் அறிந்தது இந்தக் கட்டுரையால்தான்.

அந்த மூன்று பெண்களில் ஒருத்தி வர்ஜீனியா. 1931-ல் பிறந்தவள். காது கேட்காது என்றோ மனவளர்ச்சி இல்லை என்றோ நினைத்து, 1936-லேயே ஓர் அரசு விடுதியில் விட்டுவிட்டார்கள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. அவளைப் பார்த்த இன்னொரு மருத்துவர், இது காது கேளாமையும் இல்லை, மனவளர்ச்சிக் குறைவும் இல்லை, இவள் விடுதியில் இருக்கும் மற்ற குழந்தைகளைப் போல இல்லவே இல்லை என்று பதிவு செய்திருக்கிறார். அந்த மருத்துவரும் ஒரு பெண்தான், எஸ்தர் ரிச்சர்ட்ஸ்.

28 வருஷம் கழித்து, 1971-ல் கானர் அந்த 11 பேரும் என்ன ஆனார்கள் என்று தேடி எழுதினார். முதல் குழந்தையாக எழுதப்பட்ட டொனால்டு நன்றாக இருந்தார். கல்லூரிக்குப் போய்ப் படித்து, தன் ஊர் வங்கியில் வேலை பார்த்தார். கோல்ஃப் விளையாடினார், ஊர் ஊராகப் பயணம் போனார். 2023-ல், 89 வயதில் இறந்தார். ஊரே அவரைத் தன் பிள்ளையாகப் பார்த்துக்கொண்டது என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்த மூன்று பெண்கள்? 1971-ல் மூன்று பேருமே அரசு மருத்துவமனைகளில் இருந்தார்கள். பையன்களிலும் சிலருக்கு அதே கதிதான், அதை மறைக்கக் கூடாது. ஆனால் வெளியில் வந்து சொந்தக் காலில் நின்றவர்கள் என்று கானர் காட்டியவர்களில் பெண் ஒருத்தரும் இல்லை. குழந்தையை விடுதியில் விடுவது ஆயுள் தண்டனைக்குச் சமம் என்று வருத்தத்தோடு அவரே சொல்லியிருக்கிறார்.

வியன்னாவில் நான்கு பையன்கள்

கானருக்கு அடுத்த வருஷம், 1944-ல், வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் தன் கட்டுரையை வெளியிட்டார். அதில் விரிவாக வருபவர்கள் நான்கு பேர். நான்கு பேரும் பையன்கள். முழுமையான அடையாளங்களோடு ஒரு பெண் குழந்தையைத் தான் பார்த்ததில்லை என்றும், இது ஆண் அறிவின் அதீதமான ஒரு வடிவம் என்றும் எழுதினார்.

அதே கட்டுரையில் இன்னொன்றும் சொன்னார். தான் பார்த்த குழந்தைகளின் தாய்மார்கள் சிலரிடம் இதே குணங்கள் தெரிகின்றன என்றார். அந்தத் தாய்மார்கள் எல்லாம் ஒரு காலத்தில் சிறு பெண்களாக இருந்தவர்கள்தானே? பதில் அவர் எதிரிலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. பெண்களுக்குப் பருவம் அடைந்த பிறகுதான் வெளியில் தெரியுமோ என்று யோசித்ததோடு அவர் அதை விட்டுவிட்டார்.

ஆஸ்பெர்கரின் கதையில் இன்னும் கறுப்பான ஒரு பக்கம் உண்டு. 2018-ல் ஹெர்விக் செக் என்ற ஆஸ்திரிய வரலாற்றாசிரியர் பழைய ஆவணங்களைத் தேடி வெளியிட்டார். நாஜி ஆட்சியில் ஊனமுற்ற குழந்தைகளைக் கொன்ற ஆம் ஷ்பீகல்க்ரூண்ட் என்ற இடத்துக்கு ஆஸ்பெர்கர் பரிந்துரைத்து அனுப்பிய குழந்தைகளைப் பற்றிய தகவல்கள் அதில் இருந்தன. அவர்களில் இரண்டு சின்னப் பெண்கள் அங்கேயே இறந்துபோனார்கள். அந்தப் பெண்களுக்கு ஆட்டிசம் என்று நான் சொல்லவில்லை. அதே மருத்துவமனையில் எந்தக் குழந்தையிடம் எதிர்காலம் தெரிந்தது, எந்தக் குழந்தை சுமையாகத் தெரிந்தது என்பதை மட்டும் பாருங்கள்.

லாஸ்ட் யாருடைய கால்?

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் லாஸ்ட் என்றால் என்ன என்று சொல்லிவிடுவார்கள். கால் வடிவத்தில் இருக்கும் அச்சு. அதன் மேல் வைத்துத்தான் ஷூவை உருவாக்குவார்கள். லாஸ்ட் எந்த வடிவமோ ஷூவும் அந்த வடிவம். ஆண் காலுக்குச் செய்த லாஸ்டில் உருவான ஷூவைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, "உன் கால் சரியில்லை" என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆட்டிசத்தில் நடந்தது கிட்டத்தட்ட அதுதான். கானரின் எட்டு பையன்களையும் ஆஸ்பெர்கரின் நான்கு பையன்களையும் பார்த்து அடையாளங்களின் பட்டியல் உருவானது. 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் ஆட்டிசம் தனிப் பிரிவாக இடம்பிடித்தது. அந்தப் பட்டியலை வைத்துக் குழந்தைகளைத் தேடினார்கள். பட்டியலுக்குப் பொருந்திய பையன்கள் அதிகம் கிடைத்தார்கள். அவர்களை வைத்து அடுத்த ஆராய்ச்சி நடந்தது. அதை வைத்து அடுத்த பட்டியல் வந்தது. 2002-ல் சைமன் பாரன்-கோஹன் ஆட்டிசத்தை 'ஆண் மூளையின் அதீத நிலை' என்றே ஒரு கொள்கையாக முன்வைத்தார்.

இதற்கு நடுவே தாய்மார்கள் வேறு பழி சுமந்தார்கள். பாசமில்லாத அம்மாவால்தான் குழந்தை இப்படி ஆகிறது என்று ஐம்பது, அறுபதுகளில் பெரிய நிபுணர்களே பேசினார்கள். 1967-ல் ப்ரூனோ பெட்டல்ஹைம் எழுதிய புத்தகம் இந்த எண்ணத்தை வீடு வீடாகக் கொண்டுபோனது. குழந்தைகளாக இருந்தபோது பெண்கள் கணக்கில் இல்லை. அம்மா ஆனதும் குற்றவாளிப் பட்டியலில் முதல் பெயர்!

ஒரு அம்மா கேட்ட கேள்வி

கணக்கைத் திரும்ப எடுத்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் லோர்னா விங். லண்டனில் மனநல மருத்துவர். அவருடைய மகள் சூசிக்கு ஆட்டிசம். 1979-ல் அவரும் ஜூடித் கோல்டும் லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளோடு நிற்காமல் அந்தப் பகுதியிலேயே போய்த் தேடியதுதான் இதில் விசேஷம். ஆட்டிசம் என்பது ஒரு சின்னப் பெட்டி இல்லை, அகலமான நிறமாலை என்ற இன்றைய புரிதல் அங்கேதான் தொடங்கியது.

1981-ல் விங் ஆண், பெண் விகிதத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தார். கற்றல் திறன் மிகவும் குறைவாக இருந்த குழந்தைகளில் இரண்டு பையன்களுக்கு ஒரு பெண். அறிவுத்திறன் நன்றாக இருந்த குழந்தைகளில் 15 பையன்களுக்கு ஒரு பெண். ஏன் இவ்வளவு வித்தியாசம்? படிப்பு வரும், பேச்சு வரும் பெண்கள் நிஜமாகவே இவ்வளவு குறைவா, அல்லது நம் கண்ணில் படவில்லையா? விங் எழுப்பிய இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க இன்னும் முப்பது வருஷம் தேவைப்பட்டது.

2012-ல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் ஆயிரக்கணக்கான இரட்டைக் குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்தார்கள். ஆட்டிச குணங்கள் ஒரே அளவில் இருந்தும், பெண் குழந்தைக்கு டாக்டர் அந்தப் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டுமென்றால், கூடவே அறிவுத்திறன் குறைவோ பெரிய நடத்தைப் பிரச்சினையோ இருக்க வேண்டியிருந்தது. சும்மா கஷ்டப்பட்டால் போதாது, மற்றவர்களைக் கஷ்டப்படுத்தினால்தான் கண்ணில் படுவாள். 2013-ல் வந்த அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, அறிவுத்திறன் குறையாத பெண்கள் கண்டுபிடிக்கப்படாமலே போகலாம் என்று ஒப்புக்கொண்டது. 2017-ல் 54 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, உண்மையான விகிதம் நாலுக்கு ஒன்று இல்லை, மூன்றுக்கு ஒன்று பக்கமாக இருக்கும் என்று வந்தது. விடுபிழை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரத் தொடங்கியது.

மறைத்து வாழ்வது

சரி, இந்தப் பெண்கள் ஏன் கண்ணில் படவில்லை?

2017-ல் அமெரிக்கப் பள்ளி மைதானங்களில் ஓர் ஆய்வு செய்தார்கள். இடைவேளையில் ஆட்டிசம் உள்ள பையன்கள் பெரும்பாலும் தனியாக நின்றார்கள். தூரத்தில் இருந்து பார்க்கும் டீச்சருக்கும் அது தெரியும். ஆட்டிசம் உள்ள பெண்கள் மற்ற பெண்களின் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். கொஞ்ச நேரம் உள்ளே, கொஞ்ச நேரம் வெளியே. பக்கத்தில் போய்க் கேட்டால்தான் அவள் அந்தப் பேச்சில் இல்லை என்பது தெரியும். தூரத்தில் இருந்து பார்த்தால் தோழிகளோடு இருக்கும் ஒரு சாதாரண மாணவி.

இதை ஆராய்ச்சியாளர்கள் உருமறைப்பு என்கிறார்கள். மற்றவர்கள் எப்போது சிரிக்கிறார்கள் என்று பார்த்து அப்போது சிரிப்பது. கண்ணைப் பார்த்துப் பேசப் பிடிக்காவிட்டாலும் இரண்டு புருவத்துக்கு நடுவே பார்த்துச் சமாளிப்பது. டிவி சீரியலில் கேட்ட வசனத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு தேவையான இடத்தில் சொல்வது. பையன்களும் செய்வார்கள், ஆனால் பெண்கள் அதிகம் செய்கிறார்கள். பெண் பிள்ளை என்றால் இப்படி உட்கார வேண்டும், இப்படிச் சிரிக்க வேண்டும் என்று நாலு வயதில் இருந்தே சொல்லிக்கொண்டிருந்தால் வேறு என்ன செய்வாள்?

இதற்கு விலை உண்டு. பகல் முழுக்க நடித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அழுகை. பதற்றம், மனச்சோர்வு. சாப்பாட்டை ஒதுக்கிப் பட்டினி கிடக்கும் அனோரெக்சியா நோய்க்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்குமோ என்று ஸ்வீடனின் கிறிஸ்டோஃபர் கில்பெர்க் 1983-லேயே கேட்டிருந்தார். 2016-ல் இங்கிலாந்தில், வயது வந்த பிறகே ஆட்டிசம் என்று தெரிந்துகொண்ட 14 பெண்களிடம் விரிவாகப் பேசினார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருந்தார்கள். எதிரில் இருப்பவரின் நோக்கத்தைக் கணிக்கத் தெரியாமல் போனதையும், எல்லோரையும் திருப்திப்படுத்தியே பழகிப்போய் 'வேண்டாம்' என்று சொல்லத் தெரியாமல் போனதையும் அந்த அனுபவங்களோடு சேர்த்துச் சொன்னார்கள். அடங்கிப்போகிற பெண் என்று நாம் பாராட்டும் குணம் அவளுக்கே ஆபத்தாக முடியலாம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

எல்லாம் சோகம் மட்டும் இல்லை. 1947-ல் பிறந்த டெம்பிள் கிராண்டின் மூன்றரை வயது வரை பேசவில்லை. அவருடைய அம்மா விடாமல் பேச்சுப் பயிற்சி கொடுக்க வைத்துப் படிக்க வைத்தார். இன்று அவர் கால்நடை அறிவியல் பேராசிரியர். மாடுகள் எதைப் பார்த்து மிரள்கின்றன என்பதைத் தன் ஆட்டிசக் கண்ணாலேயே புரிந்துகொண்டதாகச் சொல்கிறார். வட அமெரிக்காவின் மாட்டிறைச்சிக் கூடங்களில் கிட்டத்தட்டப் பாதி, அவர் வடிவமைத்த முறையில்தான் மாடுகளைக் கையாள்கின்றன என்பார்கள். மாட்டுத் தோலை நம்பி வாழும் நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் இது. 1986-ல் அவர் எழுதிய தன்வரலாறு, ஆட்டிசத்தை உள்ளே இருந்து சொன்ன முதல் புத்தகங்களில் ஒன்று. அதை எழுதியது ஒரு பெண் என்பதைக் கவனியுங்கள்.

நம்ம ஊர்ப் பக்கம்

இந்த வரலாற்றில் வேலூருக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. அது ஆட்டிசத்துக்கு ரொம்ப முன்னாலேயே தொடங்குகிறது.

ஐடா ஸ்கடர் 1870-ல் நம் ராணிப்பேட்டையில் பிறந்தவர். இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் அப்பா, அம்மாவோடு தங்கியிருந்தபோது நடந்த சம்பவம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிக்கு உதவக் கேட்டார்கள். ஐடாவின் அப்பா டாக்டர். ஆனால் ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று மறுத்துவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன் பிறகு ஐடா அமெரிக்கா போய் 1899-ல் மருத்துவப் படிப்பை முடித்து, 1900-ல் வேலூரில் சின்னதாக ஒரு மருந்தகம் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி. அதுதான் இன்றைய சி.எம்.சி.

அந்த மூன்று பெண்களும் வைத்தியம் இல்லாததால் சாகவில்லை. வைத்தியம் பக்கத்திலேயே இருந்தது, பெண் அதன் கண்ணுக்கு முன்னால் வரவில்லை. ஆட்டிசம் உள்ள பெண் குழந்தைக்கும் அதே கதைதான். இந்த முறை குறுக்கே நிற்பது திரை இல்லை, "அவ ரொம்ப அமைதிங்க" என்ற ஒரு வாக்கியம்.

1957-ல் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் வந்தது. நோயாளியோடு குடும்பத்தினரும் தங்க வேண்டும் என்பது அங்கே முக்கியமான வழக்கம். வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளின் பெற்றோருக்குக் குழுவாகப் பயிற்சி கொடுத்தால் என்ன பலன் என்று அங்கே நடந்த ஆய்வு 1999-ல் வெளியானது. ஆட்டிசத்தை அளக்க அமெரிக்காவில் உருவான ஓர் அளவுகோல் நம் குழந்தைகளுக்குப் பொருந்துமா என்று வேலூரிலேயே சோதித்துப் பார்த்து 2010-ல் எழுதினார்கள். 15 அம்சங்கள் கொண்ட அளவுகோல் அது. ஆம்பூரில் இருந்து பாகாயம் ஒரு பஸ் தூரம். ஆனால் பஸ் ஏற வேண்டும் என்று வீட்டில் யாருக்காவது தோன்ற வேண்டுமே?

நம் பகுதியில் அது ஏன் தோன்றுவதில்லை என்று யோசித்தால் சில காரணங்கள் தெரிகின்றன. ஷூ கம்பெனிகளில் அப்பர் தைப்பதில் தொடங்கிப் பல வேலைகளைப் பெண்கள்தான் பார்க்கிறார்கள். காலையில் கம்பெனி வண்டி ஏறும் அம்மா இருட்டும் நேரத்துக்குத் திரும்புகிறார். குழந்தை பாட்டியிடம். தொல்லை கொடுக்காத பேத்தி பாட்டிக்கு வரம். அடுத்தது மொழி. வீட்டில் உருது அல்லது தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ். பேச்சு தாமதமானால் "மூணு பாஷை கேட்டுக் குழம்பிடுச்சு" என்று சமாதானம் சொல்லிவிடுகிறோம். பல மொழி கேட்பதால் ஆட்டிசம் வருவதில்லை. அதே சமயம் பேச்சு வராததற்கு அதைக் காரணமாகச் சொல்லி வருஷங்களைக் கடத்தவும் கூடாது.

மூன்றாவது காரணம் கல்யாணம். பையன் பேசவில்லை என்றால் நாளைக்கு எப்படிச் சம்பாதிப்பான் என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். பெண் பேசவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போன விஷயம் வெளியில் தெரிந்தால் மாப்பிள்ளை கிடைக்காதே என்று பயப்படுகிறோம். இரண்டும் பயம்தான். ஒன்று குழந்தையை டாக்டரிடம் கொண்டுபோகிறது, இன்னொன்று டாக்டரிடம் இருந்து மறைக்கிறது.

சினிமாவும் ஒரு காரணம். தமிழில் ஆட்டிசம் என்றதும் 2013-ல் வந்த ஹரிதாஸ் படம் ஞாபகத்துக்கு வரும். நல்ல படம். ஆனால் அதிலும் பையன்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1995-ல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே கிடையாது. 1991-ல் டெல்லியில் பெற்றோர் தொடங்கிய ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் போன்ற அமைப்புகள் குரல் கொடுத்தன. 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பிடித்தது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்ந்தது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும்.

சான்றிதழுக்கு அளவுகோலாக இருப்பது 2009-ல் செகந்தராபாத்தில் உருவான இந்திய அளவுகோல். 40 கேள்விகள். மொத்தம் 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 70-ல் இருந்து லேசான நிலை. நம் நாட்டுக்காக நம் நாட்டில் செய்தது என்ற வகையில் நல்ல விஷயம். ஆனால் வெளியில் தெரிவதை வைத்துத்தான் எந்த அளவுகோலும் மதிப்பெண் போடும். வெளியில் தெரியாமல் மறைப்பதையே பழக்கமாக்கிக்கொண்ட ஒரு பெண் 70-ஐ எட்டாமலே போக வாய்ப்பு இருக்கிறது.

எதைக் கவனிக்கலாம்?

நான் டாக்டர் இல்லை, படித்ததைத் தொகுத்துச் சொல்கிறேன். கீழே இருப்பதில் ஒன்றிரண்டு எல்லாக் குழந்தைகளிடமும் இருக்கும். பல விஷயங்கள் சேர்ந்து, சின்ன வயதில் இருந்தே தொடர்ந்து, குழந்தையின் அன்றாட வாழ்க்கையைச் சிரமப்படுத்தினால் மட்டுமே யோசிக்க வேண்டும்.

- கூட்டத்தில் இருக்கிறாள், ஆனால் தானாகப் பேச்சைத் தொடங்குவதில்லை. மற்ற பெண்களின் பேச்சு, நடை, சிரிப்பை அப்படியே காப்பி அடிக்கிறாள்.
- ஒரே ஒரு தோழி. அவள் வராத நாளில் இடிந்துபோகிறாள்.
- விருப்பங்கள் சாதாரணமானவைதான்: பொம்மை, பூனை, கதைப் புத்தகம், ஒரு நடிகர். ஆனால் பிடிப்பின் ஆழம் சாதாரணமாக இல்லை. பொம்மையோடு விளையாடுவதைவிட வரிசையாக அடுக்குவதே பிடிக்கிறது.
- யூனிஃபார்ம் காலரில் இருக்கும் லேபிள், சாக்ஸின் தையல், குக்கர் விசில், கல்யாண மண்டபத்து மேளம் தாங்க முடியவில்லை.
- சாப்பாடு நாலைந்து வகைதான். ஆம்பூர்க் கல்யாணத்திலும் பிரியாணியைத் தொடாமல் வெறும் தயிர் சோறு.
- கிண்டல், ஜாடைப் பேச்சு புரிவதில்லை. சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிறாள்.
- பள்ளியில் தங்கமான பிள்ளை. வீட்டுக்கு வந்ததும் வெடிக்கிறாள், அல்லது பேச்சே இல்லாமல் ஒடுங்கிவிடுகிறாள்.
- பெரிய மனுஷி ஆன பிறகு, உடம்பின் மாற்றத்தையும் புதுப் பழக்கங்களையும் ஏற்க முடியாமல் மிகவும் தடுமாறுகிறாள்.

இந்தப் பெண்ணுக்கு நம் ஊரில் ஏற்கெனவே பெயர்கள் இருக்கின்றன. கூச்ச சுபாவம், அழுத்தக்காரி, திமிர் பிடித்தவள், அவங்க அத்தை மாதிரி. இந்தப் பெயர்களைச் சொல்லி முடித்த இடத்திலேயே நம் தேடலும் முடிந்துவிடுகிறது. அந்த அத்தைக்கும் யாரும் எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை என்பதை நாம் யோசிப்பதே இல்லை.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது? 2013-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் வந்திருக்கின்றன. அரசு மருத்துவமனையில் விசாரிக்கலாம். அங்கன்வாடி டீச்சரிடம் கேட்கலாம். பாகாயம் இருக்கிறது. தமிழில் படிக்க நினைப்பவர்களுக்கு, ஆட்டிசம் உள்ள குழந்தையின் அப்பாவான யெஸ்.பாலபாரதி எழுதிய 'ஆட்டிசம் சில புரிதல்கள்' இருக்கிறது. டாக்டரிடம் போகும்போது "படிக்கிறாளா, பேசுகிறாளா" என்பதோடு நிறுத்தாமல், வீட்டில் எப்படி இருக்கிறாள் என்பதையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அவள் மறைப்பது வெளியில், மறைக்காமல் இருப்பது உங்கள் வீட்டில்தான்.

ஆட்டிசம் என்று ஒரு பெயர் கிடைத்துவிட்டால் என்ன பெரிதாக மாறிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. வர்ஜீனியாவுக்கு ஐந்து வயதில் கிடைத்தது வேறு பெயர். அந்தத் தவறான பெயரோடு அவள் நாற்பது வயதிலும் அரசு மருத்துவமனைக்குள் இருந்தாள். டெம்பிள் கிராண்டினுக்குக் கிடைத்தது, விடாமல் அவரைக் கவனித்த ஒரு அம்மா. எல்லாப் பெண்ணும் பேராசிரியர் ஆகப் போவதில்லை, ஆக வேண்டியதும் இல்லை. தனக்கு ஏன் இப்படி இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தால், தன்னைத் தானே திட்டிக்கொள்வதையாவது நிறுத்துவாள். எது தாங்காது, எங்கே உதவி வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பாள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொள்வாள்.

சுகரேவா 1927-ல் ஐந்து பெண்களை உட்கார வைத்து நேரம் எடுத்துப் பார்த்தார், அவர்களிடம் தெரிந்ததை எழுதினார். அதற்கு அவரிடம் ஸ்கேன் மிஷின் எதுவும் இல்லை. அடுத்த முறை சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருக்கும் சின்னப் பெண்ணைப் பார்த்து, "எவ்வளவு அமைதியான பொண்ணு" என்று யாராவது சொன்னால், அவள் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள்.